ஈரான் ஜனங்க வேற, கவர்ன்மென்ட் வேறன்னு வெள்ளக்காரங்க சொல்றாங்களே, நெஜமாவே அப்படித்தான் பாக்குறாங்களா?

ஸ்கார்பரோ_மழை:

ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் டொராண்டோல வேலை பாக்குறேன். பக்கத்து சீட்ல ஒரு ஈரானிய பொண்ணு, இங்க வந்து ஏழு வருஷமாச்சு, அம்மா மட்டும் தெஹ்ரான்ல தனியா இருக்காங்க. 2025 ஜூன்ல இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் அந்த பன்னெண்டு நாள் சண்டை நடந்தப்போ அங்க நெட்ட மொத்தமா புடுங்கிட்டாங்க, இவ போன் போட்டா அம்மாவுக்கு பதிலா ஏதோ மெஷின் குரல் எடுத்து சம்பந்தமே இல்லாம பேசுது, இவ போன கைலயே வெச்சுக்கிட்டு பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா. அந்த நேரம் பாத்து எங்க டீம்ல ஒருத்தர், சத்தியமா நல்ல மனுஷன், காபி கப்போட வந்து "உங்களுக்கு இது நல்லதுதானே, அந்த முல்லாங்க ஒழிஞ்சா நீங்கல்லாம் ஃப்ரீ ஆயிடுவீங்க"ன்னு சிரிச்ச மொகமா சொல்லிட்டு போறார். இவளும் சிரிச்சா. அப்புறம் ரெஸ்ட்ரூம் போனவ இருபது நிமிஷம் வரல.

அதே வாரம் லஞ்ச்ல இன்னொருத்தி, "உங்க ஊர்ல எல்லாரும் அமெரிக்கா ஒழிகன்னு கத்துவாங்களாமே, உங்க அம்மாவுமா"ன்னு கேக்குறா. ஒருத்தருக்கு இவ காப்பாத்தப்பட வேண்டிய பாவப்பட்ட ஜீவன், இன்னொருத்திக்கு கொடி எரிக்கிற கூட்டத்துல ஒரு ஆளு. டிவில பேசுற தலைவருங்க எல்லாரும் "எங்க சண்டை அந்த மக்களோட இல்ல"ன்னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறாங்க. அதை நம்புறதா வேணாமா? ஈரானியர்களோட பழகினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

கடல்காக்கா:

தங்கச்சி, நான் கப்பல்ல எஞ்சினியரா இருந்தவன், ஈரானோட பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு நாலஞ்சு தடவ போயிருக்கேன். அங்க ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்து பேப்பர் எடுத்துட்டு ஒரு ஆள் கப்பலுக்கு வருவாரு, ஐம்பது வயசு இருக்கும், சீனிக்கட்டிய பல்லுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு அது வழியா பால் இல்லாத டீய உறிஞ்சுவாரு, எங்களுக்கும் பழக்கி விட்டாரு, என் கடவாப்பல்லு போனதுக்கு அவருதான் காரணம். ஒரு நாள் டெக்ல நின்னு பேசிக்கிட்டு இருக்கும்போது கடல் பக்கம் கைய காட்டி, "இங்கதான் விழுந்துச்சு"ன்னாரு. எனக்கு புரியல. அப்புறம்தான் சொன்னாரு.

1988 ஜூலை 3. பந்தர் அப்பாஸ்ல இருந்து துபாய் போற ஈரான் ஏர் 655, அரை மணி நேரப் பயணம், டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இறங்கிரும். வின்சென்ஸ்னு ஒரு அமெரிக்க போர்க்கப்பல் ஏவுகணை விட்டு அடிச்சுப்புட்டான். 290 பேர், அதுல 66 பிள்ளைக. விமானம் தங்களப் பாத்து கீழ எறங்கி வந்துச்சுன்னு மொதல்ல சொன்னானுங்க, பாத்தா அது மேல ஏறிக்கிட்டு இருந்திருக்கு. அந்தக் கப்பல் அப்போ ஈரான் கடல் எல்லைக்குள்ளதான் நின்னுச்சுன்னு ஒத்துக்கிடவே நாலு வருசம் ஆச்சு. 1996ல 6 கோடியே 18 லட்சம் டாலர் குடுத்தாங்க, ஆனா தப்பு எங்க மேலன்னு ஒரு வார்த்த எழுதல. கேப்டனுக்கு பிற்பாடு மெடலு வேற. வருசா வருசம் அந்த எடத்துல படகுல போயி கடல்ல பூ போடுறாங்க. நம்ம ஆளோட பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தன் அதுல போயிட்டானாம்.

அப்போ நான் நெனச்சேன், சரி, இவரு அமெரிக்காவ வெறுக்கிறதுக்கு எந்த முல்லாவும் பாடம் நடத்த வேண்டியதில்லன்னு. ஆனா கதை அங்க முடியல பாத்துக்கிடுங்க. கடைசியா நான் போனது 2020 பிப்ரவரி. அதுக்கு முந்தின மாசம் 8ம் தேதி தெஹ்ரான்ல ஏறுன உக்ரைன் விமானத்த அவங்க நாட்டு புரட்சிக் காவல் படையே, அதாவது ஆட்சியக் காக்குறதுக்குன்னு இருக்குற தனி ராணுவமே, சுட்டு இறக்கிருச்சு, 176 பேர், பாதிக்கு மேல கனடாவுக்குப் போக வேண்டியவங்க, லீவு முடிஞ்சு காலேஜுக்குத் திரும்புற பிள்ளைக நெறைய. மூணு நாள் எஞ்சின் கோளாறுன்னு சாதிச்சுட்டு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. இதப் பத்தி நான் கேக்கவே இல்ல, அவரே சீனிக்கட்டிய வாய்ல போடாம கையிலயே வெச்சுக்கிட்டு சொன்னாரு, "அவன் சுட்டான், ஏறலன்னு பொய் சொன்னான். இவன் சுட்டான், எஞ்சின்னு பொய் சொன்னான்." அவ்வளவுதான், கையெழுத்து வாங்கிட்டு எறங்கிட்டாரு.

உங்க ஆபீஸ் காபி கப்பு மனுசன் கிட்ட இந்த ஆள எந்தப் பக்கம் சேக்கன்னு கேளுங்க.

பாதிராத்திரி_கோடர்:

கடல்காக்கா அண்ணன் சொன்னது உணர்ச்சிப் பக்கம், நான் பேப்பர் பக்கம் சொல்றேன், ஏன்னா "மக்கள் வேற அரசு வேற"ங்கிற வசனம் பல்லிளிக்கிறது அங்கதான்.

நான் ஜெர்மனில பிஎச்டி பண்ணப்போ லேப்ல ஒரு ஈரானிய ஃப்ரெண்ட். அவங்க நாட்டுல பசங்களுக்கு ராணுவ சேவை கட்டாயம், ரெண்டு வருஷம் கிட்ட ஆகும், அத முடிக்காம பாஸ்போர்ட் வாங்குறதே பெரும்பாடு. எந்தப் படைக்குப் போறோம்னு நீங்க முடிவு பண்ண முடியாது, ராணுவம், போலீஸ், புரட்சிக் காவல் படை, எங்க தள்ளி விடுறாங்களோ அங்க போகணும். இவன காவல் படைல போட்டாங்க. துப்பாக்கி தூக்குனது ட்ரெய்னிங்ல மட்டும்தான், மத்த நாளெல்லாம் ஒரு குடோன்ல போர்வை எண்ணுனானாம், அதுவும் எப்பவும் எண்ணிக்கை தப்பாதான் வருமாம். சரியா 2019 ஏப்ரல்ல அமெரிக்கா அந்தப் படைய பயங்கரவாத இயக்கம்னு லிஸ்ட்ல போட்டுச்சு. அவ்ளோதான், அமெரிக்காவுல இவன் கான்ஃபரன்ஸ், அக்கா கல்யாணம் எல்லாம் போச்சு. விசா ஃபார்ம்ல "ராணுவத்துல இருந்திருக்கியா"ங்கிற கட்டத்துல உண்மைய எழுதுனா நீ பயங்கரவாத இயக்கத்துல இருந்தவன், பொய் எழுதுனா மோசடி. 2024 ஜூன்ல கனடாவும் அதே லிஸ்ட்ல சேத்துருச்சு. இதுல கொடுமை என்னன்னா இவன் அந்தப் படைய வெறுக்கிற அளவுக்கு டிரம்ப் கூட வெறுத்திருக்க மாட்டாரு.

இவனுக்கு பேங்க் அக்கவுண்டையும் ஒரு நாள் திடீர்னு மூடிட்டாங்க, காரணம் கேட்டா லெட்டர்ல ஒண்ணுமே இல்ல. ஈரான்காரன் பணத்தத் தொட்டா அமெரிக்கா ஃபைன் போட்டுருமோன்னு பயம், வேற என்ன. அமெரிக்க விசா இன்டர்வியூன்னா தெஹ்ரான்ல எம்பசியே கெடையாது 1979ல இருந்து, அங்காரா, யெரவான், துபாய்னு ஃப்ளைட் புடிச்சுப் போகணும். அப்படியே ஸ்டூடன்ட் விசா கெடச்சாலும் நெறைய பேருக்கு ஒரே ஒரு தடவ உள்ள வர்ற விசாதான் குடுத்தாங்க, அப்பா செத்தா கூட ஊருக்குப் போனா திரும்பி வர முடியுமான்னு யோசிக்க வேண்டியிருந்துச்சு. அமெரிக்கா ஈரான் மேல போட்ட பொருளாதாரத் தடைல மருந்துக்கு தடை கெடையாதுன்னு சட்டத்துல தெளிவா இருக்கு, ஆனா காசு அனுப்ப எந்த பேங்க்கும் தொட மாட்டேங்குது, அப்போ மருந்து எப்படிப் போகும்? 2015 ஜூலைல அணு வேலைய குறைச்சா தடைய தளர்த்துறோம்ங்கிற அணு ஒப்பந்தம் வந்தப்போ தெஹ்ரான் தெருவுல ஜனங்க ஹார்ன் அடிச்சு ஆடுனாங்க, கொடி எரிக்கல. 2018 மே மாசம் அமெரிக்கா அதுலேர்ந்து வெளிய வந்துச்சு, ஆடுனவங்க தலைலதான் விழுந்துச்சு, மேல இருக்கறவன் தடைய வெச்சே கள்ளக்கடத்தல்ல காசு பாக்குறான்.

நேர்பேச்சு:

எல்லாம் சரி மக்களே, ஆனா நீங்க எல்லாரும் சேந்து "ஈரான் மக்கள் தங்கம், அரசு மட்டும் வில்லன்"ங்கிற இடத்துக்கே போயிட்டிருக்கீங்க, அது அந்த காபி கப் ஆளு சொன்னதோட இன்னொரு வடிவம்தான். அந்த அரசு செவ்வாய்க் கிரகத்துலேர்ந்து வந்து இறங்கல.

2024 தேர்தல பாருங்க. மொத ரவுண்டுல ஓட்டு போட்டவங்க சுமார் 40 சதவீதம், அந்த நாட்டு அதிபர் தேர்தல்லயே இவ்ளோ கம்மியா வந்ததில்ல. யாரு நிக்கலாம்னு பன்னெண்டு பேர் கொண்ட காவலர் சபை வடிகட்டி விடுது, அதனால பாதி ஜனம் வீட்டுலயே உக்காந்துருச்சு, அதுவும் ஒரு பதில்தான். ஆனா ரெண்டாவது ரவுண்டுல கடுங்கோட்பாட்டுக்காரர் ஜலீலிக்கு 1 கோடியே 35 லட்சம் ஓட்டு. ஜெயிச்ச சீர்திருத்தப் பக்க ஆளு பெஸெஷ்கியானுக்கு 1 கோடியே 63 லட்சம். அந்த ஒண்ணேகால் கோடிக்கு மேல இருக்குற ஜனம் யாரு? அவங்களும் ரொட்டி வாங்க க்யூல நிக்கிறவங்கதான், அவங்க வீட்டுப் புள்ளதான் பசீஜ்ங்கிற புரட்சிக் காவல் படையோட தொண்டர் படைல சேந்து 2022ல தெருவுல தடியத் தூக்குனது. 2020 ஜனவரில அமெரிக்கா கொன்ன புரட்சிக் காவல் படைத் தளபதி சுலைமானி சாவுக்கு வந்த கூட்டம் எல்லாம் காசு குடுத்து கூட்டிட்டு வந்ததுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவரு ஊரு கெர்மான்ல நெரிசல்லயே அம்பது பேருக்கு மேல செத்தாங்க, காசுக்கு வந்த கூட்டம் அப்படி நெரியாது.

அதே சமயம் முக்காடு சரியா போடலன்னு போலீஸ் புடிச்சுட்டுப் போன மஹ்சா அமினி செத்தப்போ, 2022 செப்டம்பர் 16, தலை முக்காட கழட்டி எரிச்ச பொண்ணுங்களும் அதே ஊரு. "எங்க எதிரி இங்கதான் இருக்கான், அமெரிக்கான்னு பொய் சொல்றாங்க"ன்னு கோஷம் போட்டதும் அதே தெரு. ஒம்பது கோடி ஜனம், பாரசீகர், அஸெரி, குர்து, பலூச், அரபு, லூர், இவங்கள ஒரே வார்த்தைல "ஈரான் மக்கள் விரும்புறது"ன்னு யாரு ஆரம்பிச்சாலும் நான் சேனல மாத்திடுவேன்.

எனக்கு பெரிய எரிச்சல் என்னன்னா அந்த எழுபதுகள் போட்டோ. மினி ஸ்கர்ட் போட்ட நாலு பொண்ணுங்க தெஹ்ரான்ல நடக்குறாங்க, பக்கத்துல உடம்ப மூடுற கருப்பு சாதர் போட்ட போட்டோ, "அப்போ, இப்போ"ன்னு. அந்தக் காலத்துல ஈரான்ல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மன்னர் ஷாவோட சாவாக்ங்கிற ரகசியப் போலீஸ் எதுத்துப் பேசுனவன தூக்கிட்டுப் போய் நகத்த புடுங்கிட்டிருந்தான், அந்த ஷாவ திரும்ப நாற்காலில உக்கார வெச்சதே 1953ல பிரதமர் மொசாடெக்க கவுத்த சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும்தான். 1936ல அவங்க அப்பா ரெஸா ஷா போலீஸ விட்டு முக்காட உருவ வெச்சாரு, 1979க்கு அப்புறம் இவனுங்க போலீஸ விட்டு போட வெக்கிறான். உருவுனாலும் போட்டாலும் கை போலீஸ் கைதான். இது எதுவும் அந்த ரெண்டு போட்டோல வராது. அதுக்காக இப்ப இருக்கறவன் யோக்கியன்னு நான் சொல்றதா யாராவது ஆரம்பிச்சீங்கன்னா நான் பதில் போட மாட்டேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

சும்மா_வந்தேன்:

இவ்ளோ பெரிய பதிலா... ஒரே கேள்வி. அவ்ளோ பிடிக்கலன்னா அந்த ஜனங்க ஏன் இன்னும் தூக்கி எறியல? பயந்தாங்கொள்ளிங்களா?

பாதிராத்திரி_கோடர்:

@சும்மா_வந்தேன் ப்ரோ 2009ல எறங்குனாங்க, 2017 கடைசில எறங்குனாங்க, 2019 நவம்பர்ல பெட்ரோல் விலை ஏத்துனப்ப எறங்குனாங்க, நெட்ட ஒரு வாரம் கட் பண்ணிட்டு சுட்டாங்க, 2022ல திரும்ப எறங்குனாங்க. அரசியல் கைதிங்கள அடைக்கிற தெஹ்ரான் எவின் சிறைல எடம் பத்தாத அளவுக்கு உள்ள போயிருக்காங்க. அந்த எவின் சிறையையே 2025 ஜூன் 23ல இஸ்ரேல் குண்டு போட்டு அடிச்சுது, விடுதலை குடுக்குறோம்னு சொல்லிக்கிட்டு, பாக்க வந்த குடும்பத்து ஆளுங்களும் செத்தாங்க. நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பயந்தாங்கொள்ளிங்கிறீங்க, வாழ்த்துகள்.

நேர்பேச்சு:

@பாதிராத்திரி_கோடர் விடுங்க, பேரே சும்மா வந்தேன்.

ஸ்கார்பரோ_மழை:

எல்லாருக்கும் நன்றி, கடல்காக்கா அண்ணா உங்க பதில ரெண்டு தடவ படிச்சேன். அந்த உக்ரைன் விமானத்துல போனவங்கள்ல ஒருத்தர் இவளோட யூனிவர்சிட்டி சீனியராம், இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன், இன்னைக்குத்தான் கேட்டேன், எனக்கே வெக்கமா இருக்கு.

அவ அம்மா விஷயம் கேட்டவங்களுக்கு: சண்டை நின்ன அன்னைக்கு லைன் கெடச்சுதாம். தெஹ்ரான காலி பண்ணுங்கன்னு டிரம்ப் போஸ்ட் போட்டப்போ ஊரே பெட்ரோல் க்யூல நின்னு வடக்க காஸ்பியன் கடல் பக்கம் வண்டிய எடுத்துட்டுப் போயிடுச்சு, இந்த அம்மா மட்டும் போகல. ஏன்னு கேட்டா பில்டிங்ல எல்லாரும் போகும்போது சாவிய இவங்க கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்களாம், ஆறு வீட்டு சாவி, செடிக்கு தண்ணி ஊத்தணும், ஒரு வீட்டுல கிளி வேற. அதுல மூணாவது மாடிக்காரர் புரட்சிக் காவல் படைல இருந்து ரிட்டயர் ஆனவராம், 2022ல இவ தங்கச்சி முக்காடு இல்லாம மாடிப்படி எறங்குனப்ப கம்ப்ளெயின்ட் குடுப்பேன்னு மிரட்டுன ஆளு. அவரும் சாவிய குடுத்துட்டுத்தான் போயிருக்காரு, இவங்களும் வாங்கி வெச்சிருக்காங்க. நேர்பேச்சு கேட்டாரே அந்த ஒண்ணேகால் கோடி யாருன்னு, அதுல ஒருத்தர் இவர்னு வெச்சுக்கலாம்.

அவர் வீட்டு ஜெரேனியத்துக்கும் தண்ணி ஊத்துனீங்களான்னு இவ கேட்டிருக்கா. "ஊத்தினேன், அந்தாள திட்டிக்கிட்டேதான் ஊத்தினேன், செடி நல்லாத்தான் இருக்கு"ன்னாங்களாம்.