கலிஃபோர்னியா சொத்து வரி: 13-ஆம் முன்மொழிவு நியாயம்தானா?

ஃப்ரீமான்ட் புதுவீடு:
முதல் தவணையை டிசம்பர் 10-க்குள் கட்டியாக வேண்டும். 2021-ல் 15 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு. அடிப்படை வரியே வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல். வேலிக்கு அந்தப் பக்கம் அச்சாக அதே வீடு, அதே மூன்று படுக்கையறை. அவர்கள் 1985-ல் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியதால் 3,300-ஐ ஒட்டித்தான் கட்டுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தெருவிளக்கு, ஒரே பள்ளிக்கூடம். 1978 ஜூனில் மக்களே வாக்களித்து மாநில அரசமைப்பில் சேர்த்த 13-ஆம் முன்மொழிவு என்ற விதி இது: வாங்கிய விலையில் 1 சதவீதம் வரி, அப்புறம் மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் மறுமதிப்பீடு. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

சான் ஹோசே பழையவர்:
தம்பி, அன்றைய நிலைமையையும் பாருங்கள். வீட்டு விலை எகிறியது, கூடவே வரியும் எகிறியது. விலை ஏறினால் கையில் காசு வந்துவிடுமா? விற்றால்தானே வரும்! ஓய்வூதியத்தில் இருந்தவர்கள் திண்டாடினார்கள். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உபரிப் பணம் குவிந்து கிடந்தும் சட்டமன்றம் இழுத்தடித்தது. வரி எதிர்ப்பாளர்களான ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் இந்த விதியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரக் கையெழுத்து திரட்டினார்கள். கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

ஃப்ரீமான்ட் புதுவீடு:
முதியவர்களைக் காப்பாற்றுங்கள் சார், யார் வேண்டாம் என்றது? ஆனால் சொத்து வரி வருமானம் முதல் வருஷமே பாதிக்கு மேல் விழுந்தது. கோடை வகுப்புகளை மூடினார்கள். ஊராட்சிகளும் பள்ளிகளும் சாக்ரமென்டோவிடம் கையேந்த வேண்டியதாயிற்று.

சான் ஹோசே பழையவர்:
உங்களைப் போலவே ஒரு லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்று விதியை ஏற்றது. வாங்குகிறவருக்கு வரி எவ்வளவு என்று முன்பே தெரியும், அதிகமென்றால் வாங்காமல் விடலாம், ஏற்கெனவே குடியிருப்பவர் அப்படித் தப்ப முடியாது என்பது அதன் வாதம். இருபது வருஷம் கழித்து இதே விதி உங்களையும் காக்கும்.

ஃப்ரீமான்ட் புதுவீடு:
அப்போது என் மகள் வீடு வாங்கினால் அவள் மாட்டுவாள். சரி, வீட்டை விடுங்கள். அலுவலகக் கட்டடத்துக்கும் கடை வளாகத்துக்கும் எதற்கு இந்தச் சலுகை? நிறுவனத்துக்கு வயதாகிறதா?

சான் ஹோசே பழையவர்:
அது நியாயமான கேள்விதான். அதை மாற்ற 2020-ல் வந்த 15-ஆம் முன்மொழிவுக்கு நானும் எதிராகத்தான் போட்டேன். இன்று கடை, நாளை வீடு என்ற பயம். வீட்டைத் தொடமாட்டோம் என்று எழுதித் தரட்டும், யோசிக்கிறேன்.

ஃப்ரீமான்ட் புதுவீடு:
எழுதித்தான் இருந்தது சார். வீடுகளுக்கு முழு விலக்கு. 30 லட்சம் டாலர் வரை வணிகச் சொத்து வைத்திருக்கிறவர்களுக்கும் விலக்கு. அப்படியும் 48 சதவீதம்தான் கிடைத்தது.