உறையைப் பிரித்தால் செல்லாது, பிரிக்காவிட்டால் அப்போஸ்டில் இல்லை: என்ன செய்வது?

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. வேலை விசாவுக்குப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

பட்டம் முடித்தது 2011. விண்ணப்பித்து ஏழு வாரம் கழித்து இரண்டு பிரதிகள் வந்தன. இரண்டும் ஒட்டிய உறைக்குள். மடிப்பின் மேல் பாதி, உறையின் மேல் பாதியாக விழுந்த ஊதா முத்திரை. கீழே "பிரித்தால் செல்லாது" என்று ஒரு வரி. பள்ளியோ டிரான்ஸ்கிரிப்டுக்கே அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு ஒட்டித் தரும் சான்று) வேண்டும் என்கிறது. பிரிக்காமல் அதை எதில் ஒட்டுவது?

பல்கலைக்கழகத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. போனில் கிடைத்தவர் "அது எங்க வேலை இல்லைங்க" என்று வைத்துவிட்டார். மின்னணுப் பிரதி போதுமா என்று பள்ளியிடம் கேட்டேன், தாள்தான் வேண்டுமாம். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கியாகிவிட்டது, அதில் தகராறு இல்லை. இரண்டு நாடுகளும் அப்போஸ்டிலை ஏற்கும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

விசா மனு கொடுக்க இன்னும் 24 நாள்தான்.

ஒரு உறையைப் பிரித்து அப்போஸ்டில் வாங்கி, இன்னொன்றைப் பிரிக்காமல் சேர்த்துக் கொடுத்து, விசா கிடைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?