தீர்ப்பாயம் விட்ட பிழையைத் தீர்ப்பாயமே திருத்துமா?

தேக்கா வாசகன்:
சென்னையில் நிலம் விற்று, அங்கே வரி வழக்கு நடத்தும் சிங்கப்பூர்க்காரர்கள் பலருக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 254(2) பிரிவு தெரிவதே இல்லை: உத்தரவில் வெளிப்படையாகத் தெரியும் பிழையை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே திருத்தலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் எழுப்பிய ஒரு காரணத்தைத் தீர்ப்பாயம் தொடாமலே உத்தரவு போட்டுவிட்டால் உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. 50 ரூபாய் கட்டி, மூன்று பிரதிகளில் எம்.ஏ. (பிழையைத் திருத்தக் கேட்கும் இதர மனு) போட்டால் போதும். ஹோண்டா சீல் வழக்கில் (2007), தரப்பு எடுத்துக்காட்டிய முன்தீர்ப்பைக் கவனிக்காமல் விட்டதைத் தீர்ப்பாயம் திருத்தியது சரியே என்றது உச்ச நீதிமன்றம். சௌராஷ்டிரா கட்ச் பங்குச் சந்தை வழக்கிலும் (2008) அப்படித்தான்: உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பார்க்காமல் விட்டது வெளிப்படையான பிழை.

ஈசூன் குமார்:
‘போதும்’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரிலையன்ஸ் டெலிகாம் தீர்ப்பை (3 டிசம்பர் 2021) விட்டுவிட்டீர்கள். அதில் தீர்ப்பாயம் தன் 2013ஆம் ஆண்டு உத்தரவையே திரும்பப் பெற்று வழக்கை மறுபடி விசாரிக்க முனைந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உத்தரவு சட்டப்படி தவறாகவே இருந்தாலும் அதற்கு வழி உயர் நீதிமன்றம்தான்.

கெடுவையும் பாருங்கள். எம்.ஏ.வுக்கு, உத்தரவு போட்ட மாதம் முடிந்து 6 மாதம். மார்ச் 10 தேதியிட்ட உத்தரவென்றால் செப்டம்பர் 30. 260ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகும் மேல்முறையீட்டுக்கோ, உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 120 நாள். மார்ச் 25 வந்திருந்தால் ஜூலை 23. எம்.ஏ. நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இந்த 120 நாள் நிற்காது.

தேக்கா வாசகன்:
ரிலையன்ஸில் மனுதாரர் வழக்கு முழுவதையும் மறுபடி வாதிட்டார். நான் சொல்வது விடுபட்ட காரணத்தை. ஐந்தாவது காரணம் உத்தரவில் எங்கேயும் இல்லையென்றால், அதைக் காட்ட எந்த வாதமும் வேண்டாமே! ஆவணத்தைப் புரட்டினாலே தெரியும். அதற்காக உயர் நீதிமன்றம் போனால் அங்கே ‘கணிசமான சட்டக் கேள்வி’ எதுவென்று கேட்பார்கள்; அது இல்லாமல் மேல்முறையீட்டை ஏற்கமாட்டார்கள்.

ஈசூன் குமார்:
அந்த அளவோடு நின்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வருகிற மனுக்கள் அப்படியா இருக்கின்றன? ‘தீர்ப்பாயம் சாட்சியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது’ என்று ஒரு வரி எழுதினாலே அது, வழக்கை மறுபடி தீர்க்கச் சொல்லும் மறுஆய்வு மனுவாகிவிடும். எது விடுபட்டது, பேப்பர் புக்கில் (தீர்ப்பாயத்தில் தந்த ஆவணத் தொகுப்பில்) எந்தப் பக்கம், உத்தரவில் எந்தப் பத்தி: இரண்டு பக்கத்தில் முடித்துவிட வேண்டும். வாய்மொழியாக வாதிட்டது பதிவாகவில்லை என்றால், வாதிட்ட ஆடிட்டரோ வக்கீலோ பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இங்கிருந்து நீங்கள் தருவது போதாது. நீங்கள் அந்த அறையில் இல்லை.

கடையநல்லூரான்:
இரண்டு பேரும் தீர்ப்பாய விதிகளில் விதி 24ஐ மறந்துவிட்டீர்கள். நம்மவர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்: விசாரணை நோட்டீஸ் ஊரிலுள்ள பழைய முகவரிக்குப் போகிறது, ஆள் ஆஜராகாமலே உத்தரவாகிறது. வராததற்குப் போதிய காரணம் காட்டினால் அந்த உத்தரவை நீக்கி, மேல்முறையீட்டை மீண்டும் எடுக்க அந்த விதியே சொல்கிறது. அங்கே பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் குடியிருந்ததற்கான சான்று, நோட்டீஸ் போன முகவரி, உத்தரவு தெரிய வந்த நாள் இவற்றைக் காட்ட வேண்டும்.

தேக்கா வாசகன்:
நல்ல வேளை சொன்னீர்கள், அண்ணே. பிரமாணப் பத்திரத்தை இங்கே கையெழுத்திட்டால் அதற்குச் சான்றொப்பம் வாங்க வேண்டும். அந்த நாள்களையும் கெடுவில் கழித்துக்கொள்ளுங்கள். குமார் சொன்ன 120 நாளை ஒப்புக்கொள்கிறேன். எம்.ஏ.வை முதல் மாதத்திலேயே போட்டுவிட்டு, உயர் நீதிமன்ற மனுவையும் தயாராக வைத்திருப்பதே சரி. ஆனால் விடுபட்ட காரணத்துக்கு முதல் கதவு தீர்ப்பாயம்தான். அதில் நான் மாறவில்லை.