புதுப்பிப்பு: அப்பாவுக்கு போனா, பிளேயரா? முடிவு பண்ணியாச்சு

அப்பா தன் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்க ஸ்மார்ட்போன் வாங்கலாமா, தனி மியூசிக் பிளேயரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் போனே போதும் என்றீர்கள். ஐபாட் என்ற மியூசிக் பிளேயரைச் சொன்னவர்களுக்கு: 2001-ல் வந்த அந்த வரிசையை ஆப்பிள் 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. இனி பழையதுதான் கிடைக்கும். பேட்டரியை நம்ப முடியாது.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி, மெமரி கார்டு போடுகிற சின்ன பிளேயர் ஒன்று வாங்கினோம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, பட்டன் இருக்கணும். தாம்பரம் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, சட்டைப் பைக்கு மேலேயே விரலால் தடவி அடுத்த பாட்டுக்குப் போகிறார். தொடுதிரையில் இது நடக்காது. ஆலாபனை நடுவே போன் மணி அடித்து அறுபடுவதும் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஒரு சிக்கல்: தமிழில் வைத்த ஃபைல் பெயர்கள் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் ராகம் வாரியாக ஆங்கில எழுத்தில் மாற்றினேன். பேசவும் பணம் அனுப்பவும் அவருடைய பழைய போனே இருக்கிறது.

பீரோவில் இன்னும் நாற்பது கேசட் பாக்கி. பொங்கலுக்குள் ஏற்றிவிடுவேன்.