கிட்னி மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, டாக்ரோலிமஸ் டோஸ குறைக்கலாமா?

மழைக்காலம்:
எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தி ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, என் மாமியார்தான் குடுத்தாங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாக்கற கிரியாட்டினின் 1.1லயே நிக்குது, வேலைக்கும் போறார். புது கிட்னிய உடம்பு தள்ளிடாம இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மூணும் ஓடுது. இப்ப பிரச்சனை கை நடுக்கம்தான், காபி குடிச்சா பாதி டபராவுல சிந்துது, சட்டை பட்டன் நான் போட்டு விடறேன், சுகரும் புதுசா வந்துருக்கு. அவர் என்ன சொல்றார்னா அம்மா கிட்னிதானே, ஒரே ரத்தம், உடம்பு இந்நேரம் ஏத்துக்கிட்டிருக்கும், ராத்திரி மாத்திரைய மட்டும் நிறுத்திப் பாப்போம்ங்கறார். கூட வேலை பாக்கறவர் வேற எதிர்ப்பு சக்திக்கு நல்லதுன்னு சீந்தில் பொடி பாக்கெட் வாங்கிக் குடுத்துருக்கார். அடுத்த செக்கப் அடுத்த மாசம்தான். இதே மாத்திரை சாப்பிடறவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், எனக்கு பயமா இருக்கு.

கொங்கு_72:
தங்கச்சி, முதல்ல ராத்திரி மாத்திரைய நிறுத்த விடாதீங்க. நானும் பல வருஷமா இதே மாத்திரைதான் சாப்பிடறேன். கிரியாட்டினின் 1.1ல இருக்கறதுக்குக் காரணமே அந்த மாத்திரைதான், உடம்பு ஏத்துக்கிட்டதால இல்ல. டி செல்னு ஒரு எதிர்ப்பு சக்தி செல் ரத்தத்துல இருக்கு பாருங்க, அது வேத்து ஆளோட உறுப்பை எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது, டாக்ரோலிமஸ் அந்த செல் பெருகறதுக்கான சிக்னல தடுத்து வெச்சிருக்கு, அவ்ளோதான், மருந்து குறைஞ்சா அது வேலைய ஆரம்பிச்சுடும்.

அம்மா கிட்னின்னு சொல்றாரே, அம்மாகிட்ட இருந்து நமக்கு வர்றது பாதிதான், மீதி பாதி அப்பாவோடது. அம்மாவோட இன்னொரு பாதி நம்ம உடம்புக்கு அந்நியம்தான். 1954ல பாஸ்டன்ல முதல் தடவையா கிட்னி மாத்தி ஜெயிச்சாங்கல்ல, அது ஒரே மாதிரி இருக்கற ரெட்டைப் பிள்ளைங்களுக்குள்ள, அதனாலதான் மருந்தே இல்லாம ஓடிச்சு. மத்த எல்லாருக்கும் மாத்திரை ஆயுசுக்கும் வேணும்.

இன்னொன்னு, உடம்பு கிட்னிய எதிர்த்துத் தாக்கற ரிஜெக்‌ஷன்னா வலி வரும் காய்ச்சல் வரும் அப்ப பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது, கிரியாட்டினின் ஏறும்போதுதான் தெரியும், அதுக்குள்ள உள்ள சேதம் ஆயிருக்கும். அடிக்கடி டோஸ் விட்டா கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி உருவாகும், அது வந்துட்டா சரி பண்றது ரொம்பக் கஷ்டம்.

பார்மசி_அக்கா:
அண்ணா சொன்னது அத்தனையும் சரி. கை நடுக்கத்தையும் சும்மா தாங்கிக்க வேண்டாம்மா, அது டாக்ரோலிமஸ் ரத்தத்துல ஜாஸ்தியா இருந்தா வர்றதுதான், சுகர் வர்றதுக்கும் இந்த மாத்திரையும் பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டும் சேர்ந்துதான் காரணம். அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே உங்க நெப்ராலஜி ஓபிக்கு போன் போட்டு நடுக்கம் இருக்குன்னு சொல்லி லெவல் டெஸ்ட் கேளுங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு பொதுவா இந்த லெவல 5ல இருந்து 8 ng/mLக்குள்ள வெச்சிருப்பாங்க, அவருக்கு அதுக்கு மேல போயிருந்தா டாக்டரே டோஸ குறைப்பார், இல்லன்னா ஒரு நாளைக்கு ஒரே வேளை போடற வகைக்கு மாத்துவார். குறைக்கறது தப்பில்ல, டெஸ்ட் பாக்காம நாமளா குறைக்கறதுதான் தப்பு.

டெஸ்டுக்குப் போற அன்னிக்கு காலை மாத்திரைய போட்டுட்டுப் போகாதீங்க, டப்பால எடுத்துட்டுப் போங்க, ரத்தம் குடுத்த உடனே போட்டுக்கணும். முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குப் போட்டா காலைல 9 மணிக்கு ரத்தம் எடுக்கணும், 12 மணி நேர கணக்கு. மாத்திரை போட்டுட்டு ரத்தம் குடுத்தா லெவல் பொய்யா ஏறிக் காட்டும், அத நம்பி டோஸ குறைச்சா கிட்னிதான் கஷ்டப்படும்.

சீந்தில் பொடி வேண்டவே வேண்டாம். எதிர்ப்பு சக்திய அடக்கி வெக்கத்தான் இவ்ளோ மாத்திரை, அதை தூண்டி விடறத கூடவே குடுத்தா எப்படி. மூட்டு வலி தலைவலின்னு டைக்ளோபினாக், ஐபுபுரூபென் வாங்கிக் குடுக்காதீங்க, பாராசிட்டமால் போதும். பல்லு, தோல், காய்ச்சல்னு வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா கிட்னி மாத்தினதுன்னு சொல்லணும், ஏன்னா பூஞ்சைக்குக் குடுக்கற புளுகோனசோல், ஆன்டிபயாடிக்ல கிளாரித்ரோமைசின் இதெல்லாம் லெவல ஏத்தி விட்டுடும், டிபிக்கு குடுக்கற ரிஃபாம்பிசின் அப்படியே தரைமட்டத்துக்கு இறக்கிடும். வயித்துப்போக்கு ரெண்டு நாள் நிக்காம போனாலும் போன் பண்ணுங்க, அதுலயும் லெவல் ஏறும். மாத்திரை கம்பெனி மாறினாலும் அதே மாதிரி, கடைக்காரர் ஒண்ணுதான்னு சொன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லி ஒரு லெவல் பாத்துடணும்.

மழைக்காலம்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ரெண்டு பேர் எழுதினதையும் அவருக்குப் படிச்சுக் காட்டிட்டேன், ராத்திரி மாத்திரைய என் கண்ணு முன்னாடியே போட்டார், பொடி பாக்கெட்ட எடுத்து வெளிய வெச்சாச்சு. காலைல ஓபிக்கு போன் பண்றேன். இன்னும் ஒரே ஒரு டவுட், எங்க ஊர்ல இருந்து பம்பளிமாஸ் ஒரு மூட்டை வந்துருக்கு, அவருக்கு ரொம்பப் பிடிக்கும், குடுக்கலாமா?

பார்மசி_அக்கா:
அய்யோ அது வேண்டாம்மா. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ரெண்டும் குடல்ல இந்த மருந்த உடைக்கற என்சைம தடுத்துடும், ஒரு நாள் சாப்பிட்டா கூட லெவல் ஏறும். இப்பவே கை நடுங்குதுங்கறீங்க, இதுல அது வேறயா. நேத்து முந்தாநாள் சாப்பிட்டிருந்தா அதையும் ஓபில சொல்லிடுங்க. சாத்துக்குடி குடுக்கலாமான்னும் ஓபிலயே கேட்டுக்குங்க, டாக்ரோலிமஸ்ல பொட்டாசியமும் ஏறும், அதனால கடைசி ரிப்போர்ட்ல பொட்டாசியம் எவ்ளோன்னு பாத்துட்டு எவ்ளோ குடுக்கலாம்னு கேட்டுக்குங்க.