நடுக்கடலில் நாள் எப்படிப் போகும்? பாய்மரப் படகு அனுபவங்கள்

கடற்காகம்:

நடுக்கடலில் புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா வரை ஏறக்குறைய 2,700 கடல் மைல். டிசம்பரில் போனோம், புயல் எதுவும் வரவில்லை. எங்களைப் படுத்தி எடுத்தது படகின் ஆட்டம்தான். கிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்று (trade wind) பின்னாலிருந்து தள்ள, அதோடு மேற்கே போவதுதான் இந்த வழி. காற்று பக்கவாட்டில் இருந்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி நிதானமாகப் போகும். பின்னால் இருந்தால் இரவும் பகலும் இடமும் வலமுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். சுவரில் முதுகை முட்டுக்கொடுக்காமல் பேண்ட் மாட்ட முடியாது. டம்ளரை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது தரையில்.

அடுப்பு சுழலும் கீல்களில் தொங்குவதால் படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நேராக நிற்கும். சமைப்பவர்தான் நிற்க மாட்டார். இடுப்பில் பட்டை கட்டி அடுப்படியோடு கோத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவோம். பிரஷர் குக்கரின் அருமை அங்கேதான் புரிந்தது. மூடி பூட்டிக்கொள்வதால், உருண்டாலும் கொதிக்கிற குழம்பு மேலே கொட்டாது.

நாலு பேர் இருந்தோம். இரவில் ஆளுக்கு மூன்று மணி நேரம் வாட்ச், அதாவது விழித்திருந்து காவல் பார்க்கும் முறை. சுக்கானை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். நம் வேலை காற்று, பாய், அடிவானம், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ் திரை இவற்றின் மேல் கண் வைத்திருப்பது. மேற்கே போகப் போக சூரியன் தாமதமாக உதிக்கும். லாஸ் பால்மாஸுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் 4 மணி நேர வித்தியாசம். வழியில் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னால் தள்ள வேண்டும். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் யார் வாட்சில் விழுவது என்று பெரிய சண்டை! கடைசியில், எல்லோரும் விழித்திருக்கும் மதியத்தில் மாற்றுவது என்று சமாதானம் ஆனோம்.

ஒருநாள் பின்னிரவில் திரையில் ஒரு சரக்குக் கப்பல். எங்களை அரை மைலுக்குள் கடக்கும் என்று காட்டியது. இத்தனை பெரிய கடலில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள். பாயில் ஓடும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அவர்கள் நம்மைப் பார்த்தார்களா என்பது யாருக்குத் தெரியும்? வி.எச்.எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் கப்பலின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தூக்கம் கலந்த ஒரு குரல் வந்தது: "பார்த்துவிட்டோம், விலகுகிறோம்." கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். "சம்பளம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதற்கு?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

கப்பிக்கயிறு:

எங்களுடையது பசிபிக். காலபாகோஸிலிருந்து மார்கெசாஸ் தீவுகளின் ஹிவா ஓவாவுக்கு, கிட்டத்தட்ட 3,000 மைல். காலபாகோஸில் படகின் அடிப்பகுதியைக்கூட விடாமல் சோதிப்பார்கள். பாசி, சிப்பி இருந்தால் வெளிக்கடலுக்குப் போய்ச் சுரண்டிவிட்டு வரச் சொல்லிவிடுவார்கள். எங்களுடையது பளபளவென்று இருந்தது. அங்கிருந்து கிளம்பி ஹிவா ஓவாவில் நங்கூரம் போட்டபோது பார்த்தால், பின்பக்கம் முழுக்கக் கழுத்து நீண்ட கொட்டலசுகள் (ஒட்டிக்கொண்டு வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஓடுகிற படகிலேயே வளர்ந்திருக்கின்றன!

ஆட்டம் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஆட்டத்தில் ஆளைவிடக் கயிறுதான் அதிகம் தேயும். காற்று மாறாததால் நாள்கணக்கில் பாயைத் தொட வேண்டியிருக்காது. அதனால் கயிற்றின் ஒரே இடம் கப்பியில் அரைபட்டுக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் காபிக்கு முன் ஒரு சுற்றுப் போய், பாய் ஏற்றும் கயிற்றை நாலு விரற்கடை இழுத்தோ தளர்த்தியோ விடுவோம். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. விடிந்ததும் தளத்தில் பறக்கும் மீன்கள் செத்துக் கிடக்கும். பொறுக்கிப் போடாவிட்டால் வெயில் ஏறியதும் நாற்றம் தாங்காது. இரவு வாட்சில் ஒன்று வந்து என் தோளில் பட்டென்று அறைந்தது. செதில்கள் சட்டையிலிருந்து போக இரண்டு துவைப்பு ஆனது. ஒரு கடற்பறவையும் சோலார் தகட்டின் மேல் குடியிருந்தது. அது தகட்டில் பூசிவைத்ததில் பாட்டரி ஏறவில்லை. விரட்டினால் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்ப வரும்.

உப்புத்தண்ணீர்:

சாப்பாட்டுச் சாமான் பற்றி மட்டும் சொல்கிறேன். அட்டைப் பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதோடு வரும். எல்லாவற்றையும் துறைமுகத்திலேயே பிரித்துவிடுங்கள். முட்டையை ஃபிரிஜ்ஜில் வைக்காத கடையில் வாங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். கீரை, தக்காளி முதல் வாரத்தோடு சரி. கடைசிவரை கூட வருவது வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். பச்சைக்கு ஏங்கும்போது பயறு முளைகட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் தண்ணீர் போதும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

வாழைத்தார் மலிவாகக் கிடைக்கிறதே என்று முழுசாக வாங்கிக் கட்டாதீர்கள். ஒரு பழம் பழுத்தால் மறுநாளே மொத்தத் தாரும் பழுத்துவிடும். மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.