ஒற்றை ஃபிரேமில் தெரிகிற பர்னார்ட் 143, ஸ்டாக் செய்ததும் காணாமல் போகிறது: உதவுங்கள்

கேள்வி (சேலம்)

வணக்கம். சித்திரை அமாவாசையை ஒட்டி இரண்டு இரவுகள் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் தங்கி பர்னார்ட் 143 என்ற இருள் நெபுலாவை (விண்மீன் ஒளியை மறைக்கும் தூசு மேகம்) படமெடுத்தேன். பக்கத்திலுள்ள 142-ஐயும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கில ‘ஈ’ எழுத்துப் போல இருக்குமே, அதுதான். திருவோணத்தின் மூன்று விண்மீன்களில் வடக்கே இருப்பதிலிருந்து சுமார் ஒன்றரை டிகிரி மேற்கே இருக்கிறது.

கேமரா எந்த மாற்றமும் செய்யாத டிஎஸ்எல்ஆர். 135 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. சின்ன ஸ்டார் டிராக்கர் (விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) மேல் வைத்து, விடியற்காலை இரண்டரையிலிருந்து நான்கு மணி வரை 60 வினாடி ஃபிரேம்கள். இரண்டு இரவுக்கும் சேர்த்து 170 தேறியது. டார்க் (லென்ஸை மூடி எடுக்கும் படம்) 30 எடுத்தேன். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படம்) எடுக்கவில்லை. பனி இறங்கி லென்ஸ் முகப்பு நனைந்துவிட்டது, துடைத்துப் பையில் வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு ஃபிரேமை ஸ்ட்ரெச் செய்தால் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கினால்) ‘ஈ’ மங்கலாகத் தெரிகிறது. சிரில் மென்பொருளில் எல்லா ஃபிரேம்களையும் ஒன்றாகச் சேர்த்து (ஸ்டாக் செய்து), பின்னணி வெளிச்சத்தை நீக்கியதும் படம் முழுக்க ஒரே சாம்பல், அதன்மேல் விண்மீன்கள், அவ்வளவுதான். நீக்காமல் விட்டாலோ நான்கு மூலையும் இருட்டு, சேலம் பக்கம் செம்மஞ்சள். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லையே, இன்னும் நேரம் சேருங்கள். நெபுலாவுக்கென்றே விற்கிற இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்று போட்டால் ஊர் வெளிச்சம் அடங்கும். எனக்கு ஓரியன் நெபுலாவில் நன்றாக உதவியது.

பதில் 2

தம்பி, ஃபில்டருக்குக் காசு போடாதீர்கள். மேலே சொன்னவர் படமெடுத்தது தானே ஒளிரும் வாயு. இருள் நெபுலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. நீங்கள் எடுப்பது அதற்குப் பின்னாலுள்ள பால்வழி விண்மீன்களின் நெருக்கத்தை. முன்னால் நிற்கிற குளிர்ந்த தூசு அதை மறைக்கும் இடம்தான் கறுப்பாகத் தெரிகிறது. இரட்டைப் பட்டை ஃபில்டர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் வரிகளை மட்டும் விட்டு, மற்ற விண்மீன் ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும். திரையையே கிழித்துவிட்டு நிழலை எங்கே தேடுவது? குதிரைத்தலை நெபுலாவான பர்னார்ட் 33-க்கு அது உதவும், ஏனென்றால் அதன் பின்னால் ஒளிர்வதே ஹைட்ரஜன்தான்.

பர்னார்ட் என்ற வானியலாளர் 1919-இல் இப்படிப்பட்ட 182 கறுப்பு இடங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். இவை வானத்தில் உள்ள ஓட்டைகளா, முன்னால் நிற்கும் ஏதோ பொருளா என்று அவரே பல வருடம் குழம்பியவர். உங்கள் மென்பொருளுக்கும் அதே குழப்பம்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னணி நீக்கும்போது படத்தின்மேல் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக விழுமே, பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஈ’யின் கைகள்மேல் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன? ஒன்றிரண்டு இருந்தாலே போதும், நெபுலாவை வான வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொண்டு, சுற்றுப்புறத்தோடு சமன் செய்துவிடும்.

முதலில் ஃபிளாட். மூலை இருட்டு லென்ஸால் வருவது, அதைச் சரிசெய்வது ஃபிளாட்டின் வேலை. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றாமல், ஃபோகஸையும் தொடாமல் இருந்தால் இப்போதும் எடுக்கலாம். அதே எஃப் 2.8 வைத்து, வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக லென்ஸ்மேல் சுருக்கமில்லாமல் கட்டி, காலை வானத்தைப் பார்த்து 30 படம். அப்புறம் பின்னணி நீக்கத்தில் பாலினாமியல் முறை, டிகிரி 1 (வெளிச்சம் ஒரே சாய்வாக மாறுகிறது என்று கொள்ளும் அமைப்பு) போதும். நெபுலா மேலும், பக்கத்துத் தூசுப் பட்டைகள் மேலும் உள்ள சதுரங்களை வலது கிளிக் செய்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். மொத்தம் இருபது மிஞ்சினாலும் போதும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, பெரிதாக்கிப் பார்த்தேன். நடுக் கையின்மேல் மட்டும் நான்கு சதுரங்கள்! கேமராவும் லென்ஸும் நல்லவேளையாக அப்படியே பையில் இருந்தன. மொட்டை மாடியில் அப்பாவின் வேட்டியைக் கட்டி ஃபிளாட் எடுத்து, நீங்கள் சொன்ன வரிசையில் செய்தேன். மேல் கையும் நடுக் கையும் கரிக்கோடு இழுத்தது போல வந்துவிட்டன. கீழ்க் கை மட்டும் மங்கல். பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

இன்னொரு சந்தேகம். விண்மீன்கள் கொஞ்சம் நீண்டு தெரிகின்றன. வடக்கே சில்வர் ஓக் மரங்கள் மறைத்ததால் துருவ விண்மீன் தெரியவில்லை, காம்பஸை வைத்துத்தான் டிராக்கரைத் திருப்பினேன்.

பதில் 3

காரணம் அந்தக் காம்பஸ்தான். நம் ஊரில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து சுமார் 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், ஒரு மர வரிசை போதும் மறைக்க. டிராக்கரின் அச்சு ஒரு டிகிரி பிசகினால் நிமிடத்துக்கு சுமார் 16 விகலை (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) வரை நகரும். உங்கள் லென்ஸில் அது இரண்டு மூன்று பிக்சல். அடுத்த முறை பகலிலேயே போய் வடக்கு திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு, தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அதுவரை ஃபிரேமை 30 வினாடியாகக் குறைத்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள்.

பதில் 2

கீழ்க் கைக்கு இன்னும் நேரம்தான் வேண்டும், அதில் பதில் 1 சொன்னது சரி. ஊர் வெளிச்சம் நெபுலாவுக்கும் நமக்கும் நடுவில் விழுவதால் கறுப்பு சாம்பலாகிறது. அந்த வெளிச்சத்தைக் கழித்துவிடலாம், அது கொண்டுவருகிற இரைச்சல் ஃபிரேம் கூடினால்தான் அடங்கும். ஏற்காட்டிலிருந்து பார்த்தால் பர்னார்ட் 143 கிட்டத்தட்ட நேர் உச்சிக்கே வரும், ஒரு டிகிரிதான் வித்தியாசம். உச்சியில் இருக்கும்போது சேலத்து வெளிச்சம் குறைவாகவே கலக்கும். மேகம் விட்டால், ஆனி அமாவாசையில் நள்ளிரவு தாண்டியதும் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் ஹீட்டர் பட்டையும் பவர் பேங்கும் மறக்க வேண்டாம், அந்த மாதம் மலையில் ஈரம் இன்னும் அதிகம்.